காபி டப்பாவில் கடுகு

பால் பையை எடுக்கக் குனிந்தபோது கையில் ஏதோ சொரசொரவென்று தட்டுப்பட்டது. பாக்கெட்டுக்கு அடியில், சிவப்பு ஜிகினாத் தாளில் சுற்றிய ஒரு சின்னப் பொட்டலம். மேலே ஒட்டிய வட்டத் தாளில் ஒன்று என்று நம்பர். யார் வீட்டுச் சாமானையோ பால்காரர் மாற்றிப் போட்டுவிட்டுப் போய்விட்டார் என்றுதான் தமயந்தி முதலில் நினைத்தாள். நிமிர்ந்தால் பின்னால் புருஷன் குணசேகரன் நிற்கிறார். இந்த நேரத்துக்கு எழுந்து நிற்கிற மனுஷரா அவர்? செல்போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு, "ஹாப்பி பர்த்டே தமா! ஐம்பது வயசுக்கு ஐம்பது கிஃப்ட்! இது ஒண்ணு, மிச்சம் நாப்பத்தொம்பதையும் வீடு பூரா ஒளிச்சு வெச்சிருக்கேன். பிரி, பிரி, கேமராவைப் பார்த்துப் பிரி" என்றார். அவள் இன்னும் பல்கூட விளக்கவில்லை. நைட்டிமேல் ஒரு துண்டு, தலை கலைந்து நாலா பக்கமும் நிற்கிறது, இந்தக் கோலத்தில் படம் எடுக்கிறாராம், இது எந்தெந்த குரூப்புக்குப் போகுமோ, அவர் அக்கா இருக்கிற குடும்ப குரூப்புக்குப் போகாமல் இருக்குமா. "வீடு பூரான்னா, எங்கன்னு போய்த் தேடறது நான்?" என்றாள். அவர் அதைத்தான் எதிர்பார்த்துக் காத்திருந்தார் போல. "நீ தேடவே வேணாம். அதுலதான் என் ஐடியாவே இருக்கு. தினமும் என்ன செய்வியோ, அதை அப்படியே செஞ்சுக்கிட்டு போ. ஒண்ணொண்ணா தானா கைக்கு வரும்." பொட்டலத்தில் தலைக்குப் போடும் கிளிப், ஆமை ஓடு மாதிரிப் பழுப்பு நிறம், அவளுக்குப் பிடித்த நிறம்தான். நல்லாத்தான் இருக்கு என்றாள். நிஜமாகவே நன்றாகத்தான் இருந்தது, அதை ஏன் இல்லை என்று சொல்ல வேண்டும். ஆனால் இன்றைக்குப் பத்தரை மணிக்குத் தலைமையாசிரியர் பதவி உயர்வுக் கலந்தாய்வு. அது இவருக்கு ஞாபகம் இருக்கிறதா இல்லையா என்று அவர் முகத்தைப் பார்த்தாள். முகத்தில் பிறந்தநாள் மட்டும்தான் இருந்தது.

மோட்டார் போட மாடிப்படித் திருப்பத்துக்கு ஏற வேண்டும். வீடு கட்டினபோது மேஸ்திரி யாரைக் கேட்டு அங்கே சுவிட்சை வைத்தாரோ, காலையில் முதல் ஏற்றமே முட்டியைப் பிடித்துக்கொண்டுதான். சுவிட்ச் பெட்டிக்கு மேல் நம்பர் இரண்டு. மூட்டு வலித் தைலம். பரவாயில்லையே, இவரிடம் முட்டி வலிக்கிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லையே, என்ன இருந்தாலும் மனுஷனுக்கு ஒரு அக்கறை இருக்கிறது என்று ஒரு கணம் நெஞ்சு இளகிவிட்டது. இளகட்டும், ஐம்பது வயதில் அதற்குக்கூட உரிமை இல்லையா. கீழேயிருந்து போன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. "சிரி தமா." சிரித்தாள். படி இறங்கும்போது ராத்திரி தேய்த்து வைத்த பருத்திப் புடவை ஞாபகம் வந்தது. சாம்பல் நிறத்தில் மெரூன் கரை. எதற்குத் தேய்த்தாய் என்று யாராவது கேட்டிருந்தால் பதில் இல்லை. போகப் போவதில்லை என்று எப்போதோ முடிவு செய்தாயிற்று, பள்ளிக்கூடத்திலும் ஜாடையாகச் சொல்லியாயிற்று, அப்புறம் எதற்கு அந்தப் புடவை, அதுவும் கஞ்சி போட்டு. கை சும்மா இருக்காமல் செய்தது, அவ்வளவுதான். விளக்கில் எண்ணெய் ஊற்றப் போனால் எண்ணெய்ப் புட்டிக்குப் பின்னால் மூன்று, குங்குமச் சிமிழ். காபி ஃபில்டரைத் திறந்தால் மேல் பாத்திரத்துக்குள் நான்கு, நகப்பூச்சு. எல்லாவற்றிலும் ஒரு துண்டுச் சீட்டு, அவர் கையெழுத்தில், வேலை பார்க்கிற ஸ்டோர்ஸில் சாமான் அட்டைகளில் எழுதுகிற அதே நேர்கோட்டு எழுத்து. "டிகாஷன் இறங்கறதுக்குள்ள பூசிக்கோ." யார், நானா, டிகாஷன் இறங்கறதுக்குள்ள? அதற்குள் பாலைக் காய்ச்சி, அரிசியைக் களைந்து, நேற்றுக் கழுவின பாத்திரத்தை அடுக்கி முடித்திருப்பேன், இவர் எந்த வீட்டில் இருக்கிறார் என்று ஒரு சின்ன எரிச்சல் மூக்கு நுனியில் வந்து நின்றது. பிறந்தநாளும் அதுவுமாக எதற்கு என்று அதைத் துடைத்துப் போட்டாள்.

எரிச்சல் போகிற எரிச்சலாக இல்லை. டிகாஷன் சொட்டுச் சொட்டாக இறங்க இறங்க அந்தப் பழைய பேச்சு வந்து உட்கார்ந்துகொண்டது. தலைமையாசிரியர் பதவி உயர்வுப் பட்டியலில் அவள் பெயர் முதல் தடவை வந்தபோது மகள் இலக்கியா பத்தாவது. வெளியூர் போட்டார்கள். போகாதே என்று யாரும் சொல்லவில்லை, அதுதான் இதில் விசேஷம். "உன் இஷ்டம் தமா, நான் என்னிக்காவது தடை சொல்லியிருக்கேனா? நீ போய்ட்டா நான் பட்டினி கிடப்பேன், அவ்வளவுதானே. எனக்கு ஒரு காபி போடத் தெரியுமா, சொல்லு?" என்று சிரித்தார். அவளும் சிரித்தாள். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாள். அடுத்த தடவை இலக்கியா கல்லூரிக்குப் போய்விட்டிருந்தாள், சாக்குச் சொல்லப் பிள்ளைகூட வீட்டில் இல்லை. அப்போதும் அதே சிரிப்பு, அதே காபி. அப்போதும் எழுதிக் கொடுத்தாள். பாவம், தெரியாத மனுஷர். துவாக்குடியில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் இன்சார்ஜ், ஆயிரம் சாமானில் ஒரு மரையாணி எந்த அலமாரியில் எந்தத் தட்டில் கிடக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். வீட்டில் உப்பு எங்கே என்று தெரியாது. இதை அவள் டீச்சர்கள் அறையில் சொல்லாத நாளில்லை, எங்க வீட்டுக்காரருக்குக் கடுகுக்கும் கசகசாவுக்கும் வித்தியாசம் தெரியாது டீச்சர் என்பாள், எல்லாரும் சிரிப்பார்கள், தங்கள் தங்கள் வீட்டுக்காரரைப் பற்றி ஒன்று சொல்வார்கள். அதில் ஒரு பெருமைகூட இருந்தது அவளுக்கு. தெரியாத மனுஷரை வைத்துக் கரையேற்றுகிற பெருமை. தெரியாதவர்மேல் கோபப்பட முடியுமா, குழந்தைமேல் கோபப்படுவோமா.

போன் அடித்தது. ரெஜினா டீச்சர், அதே பட்டியலில் அவளுக்கு அடுத்த பெயர். "தமயந்தி டீச்சர், பர்த்டே வாழ்த்துக்கள். வர்றீங்களா இல்லையா? வர்றதா இருந்தா நான் பஸ் ஸ்டாப்புல நிக்கறேன்." தோசைக்கல்லில் எண்ணெய் புகைந்துகொண்டிருந்தது. "இல்ல டீச்சர், இன்னைக்கு வீட்டுல கொஞ்சம்…" என்று இழுத்தாள். "உங்க இஷ்டம். ஆனா பத்தரைக்குள்ள போய் உக்காரலைன்னா வேண்டாம்னுதான் எழுதிக்குவாங்க. இது மூணாவது தடவை. இதுக்கப்புறம் நம்ம பேரு எங்க கிடக்குமோ, ரிட்டயர்டு ஆகற வரைக்கும் ஒன்பதாம் வகுப்புக் கணக்குதான்." தெரியும் டீச்சர் என்றாள். தெரியாதா என்ன. அறந்தாங்கிப் பக்கம் ஒரு உயர்நிலைப் பள்ளி காலியாக இருக்கிறது என்றுகூடத் தெரியும், அந்த ஊருக்கு எத்தனை பஸ், தங்க இடம் கிடைக்குமா என்று போன வாரம் விசாரித்துக்கூட வைத்திருந்தாள், சும்மா, கை சும்மா இருக்காமல் புடவையைத் தேய்த்த மாதிரி. அந்தப் பள்ளிக்கூடத்து வாசலில் இரண்டு வேப்பமரம் என்று யாரோ சொன்னார்கள். தலைமையாசிரியர் அறை ஜன்னல் அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை. மாவுப் பாத்திரத்து மூடிக்கு மேல் ஏழு, தோசைத் திருப்பியின் பிடியில் கட்டித் தொங்கவிட்ட எட்டு. குணசேகரன் ஸ்டூலைப் போட்டு அடுக்களை வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார், படம் பிடிக்க. "ஐம்பதாவதுதான் பெருசு. அது எல்லாம் முடிஞ்சு, எல்லாருக்கும் பரிமாறிட்டு, கடைசியா நீ தட்டைப் போட்டுக்கிட்டு உக்காருவேல்ல, அப்பத்தான் கிடைக்கும்." எல்லாருக்கும் என்றால்? "அக்கா, மாமா, அவங்க மருமக, அப்புறம் என் ஆபீஸ்ல ரெண்டு பேரு. மத்தியானம் சாப்பாட்டுக்கு வரச் சொல்லியிருக்கேன். நீ ஒண்ணும் பெருசா பண்ண வேணாம் தமா. சிம்பிளா ஒரு வடை, ஒரு பாயசம், மூணு காய், போதும்."

சிம்பிளா! அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள், போட்ட வேகத்தில் பாதி கல்லுக்கு வெளியே தொங்கியது. யாருடைய பிறந்தநாள் இது என்று கேட்க வாய் வரை வந்ததை வெந்நீர் மாதிரி விழுங்கினாள். "ஹோட்டல்ல சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் சொன்னாள். "அதெப்படி? நீ சமைச்சாத்தானே கிஃப்ட்டெல்லாம் வெளியே வரும்? உளுந்து டப்பாவுல ஒண்ணு, சேமியாவுல ஒண்ணு, வாழை இலைக் கட்டுக்குள்ள ஒண்ணு. மூணு வாரமா மண்டையை உடைச்சுக்கிட்டுப் போட்ட பிளான், தெரியுமா? ஆபீஸ்ல எல்லாரும் வாயைப் பொளந்துட்டாங்க." அவள் சமைத்தால்தான் அவளுக்குப் பரிசு. அவள் துடைத்தால் ஒன்று, துவைத்தால் ஒன்று, குனிந்தால் ஒன்று, நிமிர்ந்தால் ஒன்று. நல்ல ஏற்பாடு, போங்கள். உளுந்து டப்பாவைத் திறந்து, இருந்ததை எடுத்துப் பிரிக்காமல் மேடைமேல் போட்டுவிட்டு உளுந்தை ஊற வைத்தாள். "பிரிக்கலியா?" "கை ஈரம்." கை ஈரம்தான், எப்போது காய்ந்திருக்கிறது. பாத்திரம் தேய்க்கிற சோப்புக்குப் பின்னால் பத்தோ பதினொன்றோ, ரப்பர் கையுறை. மார்கழியில் விரல் இடுக்கெல்லாம் வெடித்து, விடைத்தாள் திருத்தும்போது தாளில் ரத்தம் பட்டு, சிவப்பு மை என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டார்கள். அது இவருக்கு எப்படித் தெரியும்? அவள் சொன்னதில்லையே. அந்தக் கேள்வி ஒரு நிமிஷம் கால் விரலில் முள் மாதிரி குத்தியது. குனிந்து பார்க்க நேரமில்லை, சட்னிக்குத் தாளிக்க வேண்டும்.

தாளிக்க வேண்டும் என்றதுமே எப்போதும் வருகிற ஞாபகம் வந்தது, எண்ணெய் காய்கிற நேரத்தில் வருகிற ஞாபகம். சிக்குன்குனியா வந்து கட்டிலில் கிடந்தபோது ஒரு ஸ்பூனைக்கூட விரல் பிடிக்காது, புரண்டு படுத்தால் இடுப்பிலிருந்து கணுக்கால் வரைக்கும் யாரோ முறுக்கிப் பிழிகிற மாதிரி இருக்கும். அடுக்களையிலிருந்து குரல் வந்தது, "தமா, கடுகு எங்க இருக்கு?" படுத்தபடியே சொல்லிப் பார்த்தாள், குரல் எழும்பவில்லை. மறுபடி, "தமா, கடுகு எங்கன்னேன்." எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, கதவைப் பிடித்துக்கொண்டு, ஃபிரிட்ஜைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பத்தடியை நடந்து போய் டப்பாவை எடுத்து நீட்டினாள். பாவம், எப்படித் தெரியும் அவருக்கு. கடுகு பாட்டில் உடைந்து போய், கைக்குக் கிடைத்த ஒரு பழைய காபித்தூள் டப்பாவில் கொட்டி வைத்து, அதுவே நிலைத்துவிட்டது, தகரத்தில் காபி என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். இலக்கியாவே ஒரு தடவை காபி போட எடுத்துத் திறந்துவிட்டு, இந்த வீட்டுல எதுவுமே எழுதினது உள்ள இருக்காதா அம்மா என்று கத்தியிருக்கிறாள். பெற்ற பெண்ணுக்கே தெரியாதபோது அவருக்கு எப்படித் தெரியும். அன்றைக்கு டப்பாவை வாங்கிக்கொண்டு அவர் நகர்ந்து வழிவிட்டார். "வந்தது வந்தே, அந்த ரசத்தையும் தாளிச்சுட்டுப் போயிடேன்." தாளித்தாள். கை நடுங்கிக் கடுகு மேடையெல்லாம் சிதறியதும், அதைப் பொறுக்கக் குனிய முடியாமல் நின்றதும், அப்போதும் மனசுக்குள் பாவம் பாவம் என்றே சொல்லிக்கொண்டதும், எல்லாம் எண்ணெய் வாசனையோடு சேர்ந்து வரும், வந்து போகும். இன்றைக்கும் வந்தது. அவள் காபி டப்பாவை எடுத்தாள், மூடியைத் திறந்தாள், ஸ்பூனை விட்டாள். ஸ்பூனில் ஜிகினாத் தாள் இடறியது. கறுப்புக் கடுகுக்குள் பாதி புதைந்து, சிவப்பாக, பதினேழாம் நம்பர்.

எண்ணெய் காய்ந்து புகைய ஆரம்பித்தது. அவள் அடுப்பை அணைத்தாள். பொட்டலத்துக்குள் ஒரு ஒற்றைக்கல் மூக்குத்தி, பொடிசாக, மினுக்கென்று. சீட்டில், "கடுகோடு கடுகா ஒரு கல்." அதைப் படித்துவிட்டு டப்பாவைத் திருப்பிப் பார்த்தாள். "இது காபி டப்பாங்க" என்றாள். "ஆமா." "காபின்னுதான் எழுதியிருக்கு." "எழுதியிருந்தா என்ன, உள்ள கடுகுதானே?" "உங்களுக்கு எப்படித் தெரியும்?" குணசேகரன் போனுக்குப் பின்னால் சிரித்தார், மெச்சிக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்துச் சிரிக்கிற சிரிப்பு. "நல்லாக் கேட்டே போ! எத்தனை வருஷமா அந்த டப்பாவைத்தானே எடுக்கறே? கண்ணு இல்லையா எனக்கு? நீ எதை எங்க வைப்பே, எதுக்கப்புறம் எதைச் செய்வே, எல்லாம் எனக்கு அத்துப்படி தமா. இல்லேன்னா இந்தப் பிளானே போட முடியாதே."

கண் இருக்கிறது. கண் இருந்திருக்கிறது. அவள் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், தலை சுற்றவில்லை, சுற்றியிருந்தால் தேவலை. பிரித்ததும் பிரிக்காததுமாக மேடைமேல் கிடந்தவற்றைப் பார்த்தாள். முட்டி வலி தெரியும், தைலம் வாங்கியிருக்கிறான், ஒரு நாள், ஒரே ஒரு நாள் அந்தப் படி ஏறி மோட்டாரைப் போட்டானா? விரல் வெடித்தது தெரியும், கையுறை வாங்கியிருக்கிறான், ஒரு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தானா? ஆமாம், அவன்தான், இவன்தான், இனி என்ன 'ர்' விகுதி வேண்டிக் கிடக்கிறது, மனசுக்குள்கூட மரியாதை கொடுத்துக் கொடுத்துத்தானே இந்த லட்சணம். பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான். ஸ்டூலைப் போட்டு உட்காராததுதான் பாக்கி, இன்றைக்கு அதையும் போட்டுவிட்டான். பேப்பருக்குப் பின்னாலிருந்து, டிவிக்கு முன்னாலிருந்து, அவள் எங்கே போகிறாள், எதை எடுக்கிறாள், எதைத் தூக்குகிறாள் என்று வரிசை பிசகாமல் மனசில் அடுக்கி வைத்திருக்கிறான், மரையாணியை அடுக்கி வைத்த மாதிரி. அப்படியானால் அன்றைக்கு? கடுகு எங்கே என்று அன்றைக்கு ஏன் கேட்டான்? அப்போதும் அதே டப்பாதானே, அப்போதும் அதே கண்தானே. கை நீட்டினால் எட்டுகிற இடத்தில் டப்பா இருக்கும்போது, எழுந்திருக்க முடியாதவளை எதற்குக் கூப்பிட்டான்? கூப்பிட்டால் வருவாள் என்று தெரிந்து கூப்பிட்டான். வந்தாள். ஐயோ, வந்தாளே! காபி போடத் தெரியாதாம். ஃபில்டரின் மேல் பாத்திரம் எது கீழ்ப் பாத்திரம் எது என்று தெரிந்து, மேல் பாத்திரத்தில் நகப்பூச்சு வைக்கத் தெரிந்தவனுக்குக் காபி போடத் தெரியாதாம். அந்த ஒரு காபிக்காக இரண்டு பள்ளிக்கூடத்தை விட்டுக் கொடுத்தேன். டீச்சர்கள் அறையில் இவன் சார்பாக நானே ஊரைச் சிரிக்க வைத்தேன். தெரியாது, பாவம் என்று இவனுக்கு நானே வக்காலத்து வாங்கினேன், இவன் கேட்காமலே. "என்ன, கண்ணு கலங்கிடுச்சா? பார்த்தியா, மூக்குத்தின்னதும்!" என்றான். மிளகாய் நெடி என்றாள்.

துணி வாளியைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனாள். "மேல இருக்கறதை நீயே எடுத்துட்டு வா, நான் சார்ஜ் போட்டுக்கறேன்" என்று குரல் படிக்கட்டு வரை வந்தது, வழக்கம்போல குரல் மட்டும். துணிக் கிளிப் கூடையில் முப்பதாம் நம்பர். எடுக்கவில்லை. துணியை உதறாமலே கொடியில் எறிந்துவிட்டு, தண்ணீர்த் தொட்டிக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவே இருக்கிற சந்துக்குப் போனாள். ஒரு ஆள் நிற்கலாம் அங்கே, உட்கார முடியாது. வீட்டில் அவளுக்கென்று இருக்கிற இடம் அது ஒன்றுதான். அப்பா செத்துப் பத்தாம் நாளே, குணசேகரனுக்குச் சாப்பாட்டுக்குக் கஷ்டம் என்று அவளைத் திருப்பி அனுப்பினார்களே, அன்றைக்கு இங்கேதான் வந்து நின்றாள். இரண்டாம் தடவை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்த சாயங்காலமும் இங்கேதான். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தத்துக்குள் தன் சத்தத்தை ஒளித்து, அழுது முடித்து, முகத்தைத் தொட்டித் தண்ணீரிலேயே கழுவி இறங்குவாள். எங்க போனே இவ்வளவு நேரம் என்று கேட்பான். துணி காயப் போட்டேன் என்பாள். சரி என்பான். இங்கேயாவது ஒன்றும் இருக்காது, இங்கே கொஞ்ச நேரம் நின்று இந்தப் படபடப்பு அடங்கினதும் இறங்கி வடையைத் தட்டலாம் என்று சுவரில் சாய்ந்தாள். தொட்டியின் குழாய் வளைவில், அவள் எப்போதும் கை வைத்துக்கொள்கிற இடத்தில், சிவப்பு ஜிகினாத் தாள். முப்பத்தொன்று. காக்கா ஒன்று வந்து தாளைக் கொத்தப் பார்த்தது, விரட்டவில்லை. கடைசியில் பிரித்தாள். ஆறு கர்ச்சீப்புகள், பூப்போட்ட கரை, நல்ல பருத்தி. சீட்டில், "நீ இங்கேயும் வருவேன்னு தெரியுமே!" பக்கத்தில் ஒரு சிரிக்கிற முகம் வரைந்திருந்தான். கண் இரண்டு புள்ளி, வாய் ஒரு கோடு.

அழுகை வரவில்லை. வந்திருந்தால் அந்தக் கர்ச்சீப்பிலேயே துடைத்திருப்பாளோ என்னவோ, நல்ல வேளை வரவில்லை. கர்ச்சீப்புகளை அவை வந்த பெட்டியிலேயே திருப்பி அடுக்கிக் கையில் எடுத்துக்கொண்டாள். இங்கே நின்று அழுதது தெரியும். எத்தனை தடவை என்றும் தெரிந்திருக்கும், அட்டை போட்டு வைத்திருப்பான். எத்தனை படி இந்த மாடிக்கு? முட்டி தேய்ந்தவள் ஏறுகிற படிதானே. ஒரு தடவை ஏறி வந்து, ஏன்டி என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், ஐம்பது வேண்டாம், அந்த ஒன்று போதுமே. கேட்டால் சொல்லிவிடுவாள் என்று பயமா? சொல்லிவிட்டால் ஏதாவது செய்ய வேண்டி வரும் என்று பயம். தெரியாத வரைக்கும்தானே சௌகரியம். கர்ச்சீப் வைக்க மட்டும் ஏறத் தெரிந்திருக்கிறது. அவள் இறங்கினாள். குளித்தாள், குளியலறை மாடத்தில் இருந்ததைத் தொடவில்லை. பீரோவில் பட்டுப் புடவைக்கு மேல் இருந்ததைத் தொடவில்லை. சாம்பல் நிறப் பருத்தியை எடுத்து உதறினாள், கஞ்சி மொறமொறவென்று சத்தம் போட்டது. அந்தச் சத்தம் அவளுக்குப் பிடித்திருந்தது.

"என்ன இந்தப் புடவை? பட்டுல முப்பத்தெட்டு வெச்சிருந்தேனே" என்று போனைத் தூக்கினான் குணசேகரன். "கலந்தாய்வுக்குப் போறேன்." அவனுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. "அதான் வேண்டாம்னு சொல்லிட்டியே." "யார்கிட்ட சொன்னேன்? நீங்க காபி போடத் தெரியாதுன்னீங்க, நான் சிரிச்சேன். அவ்வளவுதான் நடந்தது." போன் இறங்கியது. "விளையாடறியா தமா? எல்லாரும் கிளம்பி வந்துக்கிட்டிருக்காங்க. சமையல்?" "உளுந்து ஊறிக்கிட்டிருக்கு. கிரைண்டர் எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியும், அதுக்குள்ளயும் நாப்பத்தொண்ணோ நாப்பத்திரெண்டோ வெச்சிருப்பீங்க." "நாப்பத்திமூணு" என்றான், வாய் தவறி. அவள் கர்ச்சீப் பெட்டியைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தாள். "நான் மாடியில நின்னு அழுவேன்னு தெரியுமா உங்களுக்கு?" அவன் அந்தப் பெட்டியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடி பெட்டியைப் பார்த்தான். "அது… நீ தனியா இருக்கணும்னு நினைக்கறேன்னு… தொந்தரவு பண்ணக் கூடாதேன்னு…" என்று தடுமாறினான். முகம் வெளுத்திருந்தது. மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டவன்தான், ஆசையாகத்தான் செய்திருக்கிறான், அது அவளுக்குத் தெரியாமல் இல்லை. அந்த முகத்தைப் பார்த்து இளகுகிற பழக்கம் கால்வரை இறங்கியது, கால் ஒரு கணம் நின்றது. நின்ற காலைப் பிடுங்கிச் செருப்பில் நுழைத்தாள். செருப்புக்குள்ளும் ஏதோ ஜிகினா இடறியது. உதறிவிட்டுப் போட்டுக்கொண்டாள். ஆட்டோவில் ஏறி ரெஜினாவைக் கூப்பிட்டு, வர்றேன் டீச்சர், எனக்கும் ஒரு இடம் போட்டு வைங்க என்றபோது அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. ஒன்பதாம் வகுப்பைக் கத்தி அடக்குகிற குரல் அது. வீட்டுக்குள் அதை எடுத்ததே இல்லை.

கலந்தாய்வுக் கூடத்தில் மின்விசிறி தடதடவென்று சுற்றியது. முன் வரிசையில் யாரோ கூப்பிடப்பட்டு எழுந்து போனார்கள். மடியில் போன் அதிர்ந்தது, பெயரைப் பார்த்தாள், எடுத்தாள். பின்னணியில் நாத்தனார் குரலும் கிரைண்டர் ஓடுகிற சத்தமும் கேட்டன. ஓட்டத் தெரிந்திருக்கிறது. குணசேகரன் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினான். "தமா, கோவத்தையெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். ஐம்பதாவதை நீ இன்னும் எடுக்கவே இல்லை. அது கிடக்கட்டும்… அக்கா சாம்பாருக்குத் தாளிக்கணுங்கறா. கடுகு எங்க இருக்கு?"

தமயந்தி போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தரம் பார்த்தாள். பக்கத்தில் ரெஜினா என்ன என்பதுபோலப் புருவத்தை உயர்த்தினாள். சிரிப்பு வந்தது, அதற்கடியில் கோபம் அப்படியே கல்லாகக் கிடந்தது. "பதினேழாம் நம்பரை எங்க வெச்சீங்களோ, அங்க" என்றாள். அந்தப் பக்கம் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டு எழுந்து போனாள். கணினிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அதிகாரி பெரியவர், நல்ல மாதிரி. கண்ணாடிக்கு மேலாக அவளை ஏறிட்டுப் பார்த்தார். "அறந்தாங்கிப் பக்கமா கேக்கறீங்க? தினமும் போய்ட்டு வர முடியாதும்மா, அங்கயே தங்க வேண்டியிருக்கும். ஏற்கெனவே ரெண்டு தடவை வேண்டாம்னு எழுதிக் கொடுத்திருக்கீங்க. இப்ப வீட்ல சமாளிச்சுக்குவாரா?"

"சமாளிப்பார் சார்" என்றாள் தமயந்தி. "அவருக்கு எல்லாம் தெரியும்."